சலூன்காரரின் குறுக்குப் பிடி

எங்கள் தெரு முனையில் இருக்கும் சலூனுக்கு நான் பதினோரு வருடமாகப் போகிறேன். அங்கே முடி வெட்டுவது பிரமாதமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், சுமார்தான். ஆனால் சலூன்காரர் வாயைத் திறக்க மாட்டார். முடி வெட்டப் போன இடத்தில் அரசியல், மூலவியாதி, மூன்றாவது வீட்டுச் சண்டை என்று அரைமணி நேரம் கழுத்தறுபட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தெருவில் அவருக்கு 'சைலன்ஸர்' என்று பெயர். கோபம் வந்தால் அவருடைய மனைவியே அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவர் என்னிடம் இந்தக் கதையைச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு முடிவெட்டுக்கு நாலு வாக்கியம், அவ்வளவுதான் தேறும். மிச்சத்தை அவருடைய சிநேகிதர் வயர்மேன் சொன்னார். சலூன்காரர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சேர்த்து அவர் ஒருவரே பேசிவிடுவார். கொஞ்சத்தை நானே என் கண்ணால் பார்த்தேன்.

சலூன்காரருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதில் கத்தரிக்கோலைப் பிடித்தவர், இருபத்து நாலு வருடமாக நின்றுகொண்டே இருக்கிறார். கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கையாளர் உட்காருவார், மற்றதில் பழைய பேப்பர்கள் உட்கார்ந்திருக்கும். நின்று நின்று அவருடைய கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. வலது தோள் இடது தோளைவிட ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தது. உடம்பை அசைக்காவிட்டால் ஐம்பதில் கைத்தடிதான் என்று டாக்டர் சொன்னார். சலூன்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆட்டியதோடு சரி.

மாதம் ஒரு முறை கிராப் வெட்டிக்கொள்ள ஒரு டீச்சர் வருவார். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. இருபத்தாறு வயது. சின்ன உருவம், ஆனால் நாற்காலியில் உட்காரும்போது நாற்காலிக்கே ஒரு மரியாதை வந்துவிடும். அவர் ஒருநாள் அனுமதி கேட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டினார். 'ஜூடோ வகுப்பு. காலை ஆறு மணி. வயது தடையில்லை.' அடுத்த நாலு வாரமும் ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் நின்றபடி சலூன்காரர் அந்தத் தாளைப் படித்தார். அவருடைய பிம்பத்தின் தாடைக்குச் சற்றுக் கீழே அது இருந்தது. டீச்சர் மறுபடி வந்து உட்கார்ந்ததும், போர்வைத் துணியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“நாப்பத்தி மூணுன்னா?”

டீச்சருக்கு எதைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. “அதுவும் ஒரு வயசுதானே அண்ணா” என்றார்.

பள்ளியின் மாடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த நீளமான அறைதான் வகுப்பு. பெஞ்சுகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டுத் தரையில் பச்சை மெத்தைகளைப் பரப்பியிருந்தார்கள். தூண்களுக்குப் பழைய ஸ்பாஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. மொத்தம் பதினோரு பேர். கல்லூரி மாணவிகள் நாலைந்து பேர், வங்கியில் காசாளராக இருக்கும் ஓர் அம்மாள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இரட்டையர், பிறகு நம் வயர்மேன். வயர்மேனுக்கு நாற்பத்தொன்று. கழுத்தும் தலையும் ஒரே சுற்றளவில் இருக்கும். எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் சலூன்காரரையும் அவரையும் டீச்சர் ஜோடி சேர்த்தார்.

முதல் மூன்று மாதம் விழக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கடுத்த ஐந்து மாதம் சலூன்காரர் விழுந்தார். வயர்மேன் தூக்கிப் போட்டார், மாணவிகள் தூக்கிப் போட்டார்கள், காசாளர் அம்மாள் “மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தூக்கிப் போட்டார். எட்டு மாதத்தில் அவர் கீழே தள்ளிய ஒரே ஆள் மருந்துக்கடை இரட்டையரில் ஒருவர், அதுவும் அவர் தும்மிய நேரத்தில். ஆனால் கால்வலி குறைந்திருந்தது. காலையில் படியேறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை என்பதை அவர் ஒருநாள் திடீரென்று கவனித்தார். அதனால் விழுந்துகொண்டே இருந்தார்.

ஒன்பதாவது மாதத்தில் டீச்சர் தரைப்பிடிகளுக்கு வந்தார். ஜூடோவில் ஒருவரைத் தள்ளியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. விழுந்தவர் முழுதாக மல்லாந்து விழாவிட்டால் சண்டை தரையில் தொடரும். மேலே இருப்பவருக்குத்தான் வசதி என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மல்லாந்து கிடப்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி, டீச்சர் மெத்தையில் படுத்துக் காட்டினார். காசாளர் அம்மாளைத் தன் இரு முழங்கால்களுக்கு நடுவில் மண்டியிடச் சொன்னார். வலது கையை நீட்டி அந்த அம்மாளுடைய அங்கியின் காலரை, காதுக்குக் கீழே, பிடரி வரை ஆழமாகப் பிடித்தார். இடது கையை அதன் மேல் குறுக்காகப் போட்டு மற்றப் பக்கத்துக் காலரையும் அதேபோலப் பிடித்தார். மணிக்கட்டுகள் கழுத்துக்கு முன்னால் பெருக்கல் குறிபோல நின்றன. அப்புறம் முழங்கைகளை விரித்து, அம்மாளைத் தன் மார்போடு இழுத்தார். அம்மாள் உடனே டீச்சரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். டீச்சர் விட்டுவிட்டார்.

இதற்குப் பெயர் ஜூஜி ஜிமே, குறுக்குக் கை நெரிப்பு. இரண்டு உள்ளங்கையும் கீழ்ப்பக்கம் பார்க்கலாம், இரண்டும் மேல்பக்கம் பார்க்கலாம், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் இருக்கலாம். மூன்று வகை. எந்த வகையானாலும் தொண்டையை அமுக்கக் கூடாது. கழுத்தின் இரண்டு பக்கமும் தலைக்குப் போகிற ரத்தக்குழாய்கள்தான் குறி. சரியாகப் பிடித்தால் இருமல் வராது, மூச்சு முட்டாது, ஐந்தாறு நொடியில் ஆள் மயங்கிவிடுவார். அதற்கு முன்னால் தட்டிவிட வேண்டும். தட்டினால் தோல்வி, தட்டியதும் விடாவிட்டால் குற்றம்.

வகுப்பில் எல்லோரும் முயன்றார்கள். எல்லோருடைய மணிக்கட்டும் தொண்டைக்குழியில் போய் இடித்தது. அறை முழுக்க இருமல். சலூன்காரர் படுத்தார், வயர்மேன் மண்டியிட்டார். சலூன்காரரின் விரல்கள் காலருக்குள் நுழைந்து தேடவே இல்லை, நேராகப் போய் இடத்தில் உட்கார்ந்தன. தினமும் சவரக்கத்தியை எந்தக் கோட்டின் ஓரமாக அவ்வளவு ஜாக்கிரதையாக நடத்துவாரோ அதே கோடு. வயர்மேனின் நாடித்துடிப்பு மணிக்கட்டு எலும்பில் தெரிந்தது. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அதற்குள் சலூன்காரர் பிடியை விட்டிருந்தார்.

அதுதான் சிக்கலாக இருந்தது. இடம் சரி, பிடி சரி. இழுக்கும் நேரம் வந்தால் அவர் கை இளகிவிடும். எதிராளி முகம் லேசாகச் சிவந்தாலே விட்டுவிடுவார். ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று இருபத்து நாலு வருடம் கழுத்துகளைப் பார்த்துக்கொண்ட கை, திடீரென்று நெரி என்றால் கேட்குமா? ஆறு வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் வகுப்பு முடிந்து மெத்தைகளைத் துடைக்கும்போது டீச்சர் அவரிடம் வந்தார்.

“அண்ணா, தட்டுறது அவர் வேலை. விடுறது உங்க வேலை. அவர் வேலையையும் சேத்து நீங்களே செஞ்சா, அது இரக்கம் இல்ல. அவர்மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்.”

மறுநாள் அவர் விடவில்லை. வயர்மேன் திமிறினார், சலூன்காரர் முழங்கைகளை விரித்து மார்போடு இழுத்துக்கொண்டார், மூன்றாவது நொடியில் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. அவருடைய பிடிக்கு ஒருவர் தட்டியது அதுதான் முதல் தடவை. அன்று கடையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் முடி வழக்கத்தைவிடக் குறைந்துபோயிற்று, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். நானும் அன்று உட்கார்ந்தவன்தான். இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தேன்.

அதற்கப்புறம் அவர் ஆளே மாறிவிட்டார். தூக்கிப் போட்டால் போடட்டும் என்று விழுவார், விழுகிற வேகத்திலேயே ஒரு கை காலருக்குள் போயிருக்கும். வகுப்பில் யாரும் அவரைத் தரையில் சந்திக்க விரும்பவில்லை. வயர்மேனுக்கு மட்டும் இது மானப் பிரச்சினை ஆயிற்று. மாதக்கணக்கில் தன்னிடம் அடி வாங்கிய மனிதர் இப்போது தினமும் தன்னைத் தட்ட வைக்கிறார். மாணவிகள் வேறு சிரிக்கிறார்கள். ஒருநாள் வயர்மேன் தட்டப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டு வந்தார்.

பிடி விழுந்தது. வயர்மேன் தாடையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். டீச்சர் அறையின் மறுகோடியில் ஒரு மாணவிக்கு இடுப்புப் பட்டை கட்டக் காட்டிக்கொண்டிருந்தார். சலூன்காரர் தட்டுக்காகக் காத்திருந்தார். இரண்டு, மூன்று, நாலு. தட்டு வரவில்லை. திடீரென்று வயர்மேனின் முழு எடையும் நனைந்த துணி மாதிரி அவர் மேல் சரிந்தது.

சலூன்காரர் அன்றைக்குப் போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. டீச்சர் ஓடிவந்து வயர்மேனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார். மூச்சு ஒழுங்காக இருந்தது. பத்து நொடி இருக்கும். வயர்மேன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

“கரண்ட் வந்துடுச்சா?” என்றார்.

அறையே சிரித்தது. சலூன்காரர் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வயர்மேனை டாக்டரிடம் அழைத்துப் போனார். ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் விளையாட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இதை வயர்மேன் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில், மின்கம்பத்தின் மேல், கீழே, எங்கே ஆள் கிடைத்தாலும் “அண்ணன் என்னைய அணைச்சுட்டாரு” என்று சொல்லிச் சிரித்தார். கட்டிப்பிடித்ததைச் சொல்கிறாரா, விளக்கை அணைத்த மாதிரி அணைத்ததைச் சொல்கிறாரா என்று கேட்டவர்கள் குழம்பினார்கள். சுற்றிச் சுற்றி அது சலூன்காரரின் மனைவி காதுக்கும் போயிற்று. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பதினெட்டுப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவர். உடம்புக்கு ஏதோ பயிற்சி என்றுதான் புருஷன் சொல்லியிருந்தார்.

“கழுத்த நெரிக்கக் கத்துக்கறேன்னு சொல்லியிருந்தா நான் என்ன உங்க தலையவா வாங்கியிருப்பேன்?” என்று கேட்டாராம். “ஊரே சொல்லி எனக்குத் தெரியணுமா?”

சலூன்காரர் ஜூடோவை நிறுத்திவிட்டார், ஆனால் மனைவிக்குப் பயந்து அல்ல. வேறு காரணம் இருந்தது. மறுநாள் கடையில் ஒருவருக்கு நுரை தடவிக் கத்தியை எடுத்தபோது, கை நடுங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவரை முகம் கழுவச் சொல்லி அனுப்பினார். பிறகு ஓர் அட்டையில் 'ஷேவிங் இல்லை. முடிவெட்டு மட்டும்' என்று எழுதிக் கதவில் மாட்டினார். கண்ணாடியில் இருந்த ஜூடோ வகுப்புத் தாளைக் கிழித்தார். வகுப்புக்கும் போகவில்லை. டீச்சர் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். அவரோ தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வேலை நாள் முற்பகலில், நான் என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெட்டிக்கொண்டவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார், கடையில் வேறு யாரும் இல்லை. வயர்மேன் உள்ளே வந்தார். நாலு நாள் தாடி. என்னிடம் “ஒரு நிமிஷம் விடுங்க சார்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டினார்.

“ஷேவ் பண்ணுங்கண்ணே.”

சலூன்காரர் கதவில் இருந்த அட்டையைக் காட்டினார்.

“படிச்சேன். பண்ணுங்க.”

“கை நடுங்குது.”

சைலன்ஸர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்குமூலம் வரும் என்று வயர்மேனும் எதிர்பார்க்கவில்லை. அவர் பேசியபோது குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

“அண்ணே, நான் தட்டல. வேணும்னேதான் தட்டல. அந்தப் பொண்ணுங்க சிரிச்சது எனக்குப் பொறுக்கல. கம்பத்துல ஏறறவன் நான், ஃபியூஸைப் பிடுங்காம கைய வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? வச்சது நான். நீங்க ஏன் என் தப்பத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க?”

சலூன்காரர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பிரஷை நனைத்து, நுரை கிளப்பினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கிளப்பினார். தாடையில், கன்னத்தில், கழுத்தில் தடவினார். புது பிளேடு மாட்டினார். கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. நான் பேப்பரைப் படிப்பதாகப் பாவனை செய்தேன். வயர்மேன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. கத்தி கீழிருந்து மேலே ஒரே சீராகப் போகிற அந்தச் சின்ன ‘சர்ர்’ சத்தம் பிறகு கேட்டது.

முடிந்ததும் வயர்மேன் கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் ஒரு கீறல் இல்லை. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சலூன்காரர் கதவில் இருந்த அட்டையைக் கழற்றி, பழைய பேப்பர்களுக்கு அடியில் செருகினார். என்னைப் பார்த்து “வாங்க” என்றார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நெரிப்புப் பிடி நடக்கும்போது தான் வேறு பக்கம் பார்த்திருக்கக் கூடாது, தப்பு தன்னுடையது என்றார். அன்று முழுக்க வேறு எதுவும் நடக்கவில்லை. தட்டுவது மட்டும்தான் பயிற்சி. மெத்தையில் தட்டுவது, தோளில் தட்டுவது, இரண்டு கையும் சிக்கிக்கொண்டால் காலால் தட்டுவது, வாயால் சொல்வது. வயர்மேன்தான் எல்லோரையும்விட அதிகச் சத்தமாகத் தட்டினார். நெரிப்புப் பயிற்சியை ஒரு நேரத்துக்கு ஒரு ஜோடிதான் செய்ய வேண்டும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு வைத்த விதி இன்றும் இருக்கிறது.

சலூன்காரருக்கு அந்தச் சம்பவம் ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. எதிராளி தட்டப் போகிறாரா, வீம்பு பிடிக்கிறாரா, நழுவப் போகிறாரா என்பது அவருக்கு மணிக்கட்டிலேயே தெரிந்தது. உடம்பு தளர்வதற்கு அரை நொடி முன்னால் கழுத்துத் தசை ஒரு மாதிரி விட்டுக்கொடுக்குமாம். வகுப்பில் அந்த இடம் வந்ததும் அவர் விட்டுவிடுவார். பழைய மாதிரி பயந்து விடுவது இல்லை இது, தெரிந்து விடுவது.

அடுத்த வருடம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் உள்ளரங்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சலூன்காரரின் மனைவி வேனை எடுத்தார். இவர்கள் போய் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்றார். டீச்சர், வயர்மேன், காசாளர் அம்மாள், நான் எல்லோரும் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போனோம்.

முதல் சுற்றில் அவருக்கு எதிரே நின்றவர் ஒரு லாரி ஓட்டுநர். அலமாரிக்கு அங்கி போட்ட மாதிரி இருந்தார். நடுவர் தொடங்கச் சொன்ன பத்தாவது நொடியில் சலூன்காரர் காற்றில் இருந்தார். பக்கவாட்டில் விழுந்ததால் அரைப்புள்ளிதான் போயிற்று. லாரி ஓட்டுநர் அமுக்குவதற்காக மேலே பாய்ந்தார். சலூன்காரர் மல்லாந்து, முழங்கால்களை அவர் இடுப்புக்கு இருபுறமும் கொண்டுவந்தார். வலது கை ஏற்கெனவே பிடரியில் இருந்தது. லாரி ஓட்டுநர் அதைக் கவனித்து நிமிரப் பார்த்தார். நிமிர்ந்தபோது இடது கை குறுக்கே போயிற்று. பார்வையாளர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த சலூன்காரரின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். “முழங்கைய விரிங்க” என்று கத்தினார். அவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் தலையணை உறையை வைத்துப் புருஷன் பழகியதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முழங்கைகள் விரிந்தன. லாரி ஓட்டுநரின் பெரிய கை மெதுவாகச் சலூன்காரரின் தோளைத் தேடி வந்து இரண்டு முறை தட்டியது. தட்டிய கை தோளை விட்டு எழும் முன்பே பிடி விட்டிருந்தது. நடுவர் கையை உயர்த்தினார், முழு வெற்றி. வயர்மேன் என்னைக் கட்டிப் பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி கோணலாயிற்று.

இரண்டாவது சுற்றில் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தபால்காரராம். ஒல்லி, நரைத்த புருவம். அவரும் தரைப்பிடியில் தேர்ந்தவர். இரண்டு நிமிடம் இரண்டு பேரும் ஒருவர் காலரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தபால்காரரின் மணிக்கட்டுகள்தான் முதலில் குறுக்கே விழுந்தன. சலூன்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு தட்டு, தெளிவாக. எழுந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

தோற்ற முகம் என்று ஒன்று உண்டே, அது அவரிடம் இல்லை. தாழ்வாரத்தில் தபால்காரரும் அவரும் சுவரோரமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தபால்காரர் அவருடைய காலருக்குள் கட்டைவிரலை இன்னும் ஆழமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். நம் ஆள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி இல்லை, ஏழெட்டு. வயர்மேன் என் விலாவில் இடித்து, “சார், பேசறாரு பாருங்க” என்றார்.

திரும்பும்போது மத்தியான வெயில். காசாளர் அம்மாள் தூங்கிவிட்டார். சலூன்காரர் முன்சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தபால்காரர் காட்டிய கட்டைவிரல் சங்கதியை விளக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஒரு சிக்னலில் வேன் நின்றபோது, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார். ஆறு மாதம் கழித்து என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னார்.

“தேதியச் சீக்கிரம் சொல்லுங்க டீச்சர்” என்றார் அவர். “வேனை முன்கூட்டியே எடுத்து வைக்கணும்.”

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி கிளம்பிய பிறகும் சலூன்காரர் விளக்கத்தை விடவில்லை.